ஹை டிடக்டபிள் பிளானா, பி.பி.ஓ.வா: ஒரு நவம்பர் மாதக் கணக்கு

நவம்பர் பிறந்தால் எங்கள் ஊர்த் தமிழ்ப் பள்ளி வாசலில் பேச்சு மாறிவிடும். பிள்ளைகளை வகுப்பில் விட்டுவிட்டுக் கையில் காபியோடு நிற்கிற எல்லோருக்கும் அலுவலகத்திலிருந்து ஓபன் என்ரோல்மென்ட் மெயில் வந்திருக்கும், இரண்டு வாரத்துக்குள் அடுத்த வருஷத்துக்கான ஹெல்த் இன்சூரன்ஸை முடிவு செய்தாக வேண்டும், "நீங்க எதுங்க எடுத்தீங்க?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஒருவர் "டிடக்டபிள் நாலாயிரமா? ஆளை விடுங்க சாமி" என்பார். இன்னொருவர் "எச்.எஸ்.ஏ. வர்ற பிளானை விட்டா நீங்க ஏமாளி" என்பார். இரண்டு பேரும் கணக்குப் போட்டிருக்க மாட்டார்கள். நானும் முதல் மூன்று வருஷம் போடவில்லை. பக்கத்து சீட் நண்பர் எதை எடுத்தாரோ அதையே எடுத்தேன். அவருக்கு அப்போது கல்யாணம்கூட ஆகியிருக்கவில்லை, எனக்கோ ஓடி விளையாடுகிற வயதில் ஒரு பையன்.

நான் இருப்பது நியூ ஜெர்சி. இங்கே எழுதுவது அமெரிக்காவில் கம்பெனி மூலமாக இன்சூரன்ஸ் வாங்குகிறவர்களுக்கானது. தேர்வு பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான்: மாதாமாதம் அதிகம் பிடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போனால் குறைவாகக் கேட்கிற பி.பி.ஓ. பிளான், மாதம் குறைவாகப் பிடித்துக்கொண்டு, போனால் முதலில் நம் பையைத் தடவுகிற ஹை டிடக்டபிள் பிளான். எச்.எம்.ஓ. என்று மூன்றாவது ஒன்றும் சில கம்பெனிகளில் உண்டு. பிரைமரி டாக்டரிடம் சீட்டு வாங்கித்தான் ஸ்பெஷலிஸ்டிடம் போக வேண்டும் என்பது உங்களுக்குத் தொந்தரவாக இல்லை, நெட்வொர்க்கும் (பிளானோடு ஒப்பந்தம் போட்ட டாக்டர்கள், ஆஸ்பத்திரிகள்) வீட்டுப் பக்கத்தில் இருக்கிறது என்றால் அதையும் பாருங்கள். அதைப் பற்றி இவ்வளவு போதும்.

சொற்களை ஒருமுறை ஒழுங்குபடுத்திக்கொள்வோம். பிரீமியம், நோய் வந்தாலும் வராவிட்டாலும் சம்பளத்தில் பிடிக்கிற பணம். டிடக்டபிள், வருஷம் பிறந்ததும் மீட்டர் பூஜ்யத்தில் ஆரம்பித்து முதலில் நம் கையிலிருந்து போக வேண்டிய தொகை. அது தீர்ந்த பிறகு பில்லில் நமக்கு 10 சதவீதமோ 20 சதவீதமோ, அதுதான் கோ-இன்சூரன்ஸ். இப்படிக் கட்டிக் கட்டி அவுட் ஆஃப் பாக்கெட் மேக்சிமத்தைத் தொட்டுவிட்டால், பிளானில் அடங்கிய சிகிச்சைக்கு இன்-நெட்வொர்க்கில் அந்த வருஷம் அதற்கு மேல் ஒரு டாலரும் கிடையாது. டிடக்டபிளைப் பார்த்து மிரளுகிறவர்கள் பலர் இந்தக் கடைசி எண்ணைப் பார்ப்பதே இல்லை. கடன்காரன் ஆக்குவதும் ஆக்காமல் விடுவதும் இந்த எண்தான்.

2026-க்கு அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ். சொல்லும் ஹை டிடக்டபிள் பிளான் என்றால், டிடக்டபிள் தனி ஆளுக்குக் குறைந்தது 1,700 டாலர், குடும்பத்துக்கு 3,400. அவுட் ஆஃப் பாக்கெட் மேக்சிமம் தனி ஆளுக்கு 8,500, குடும்பத்துக்கு 17,000-க்கு மேல் போகக் கூடாது. இந்த வரையறைக்குள் வரும் பிளான் எடுத்தால்தான் எச்.எஸ்.ஏ. என்கிற வரியில்லாச் சேமிப்புக் கணக்கில் பணம் போட முடியும். 2003 டிசம்பரில் வந்த சட்டத்தில் பிறந்த கணக்கு அது. 2026-ல் குடும்பத்துக்கு 8,750 டாலர் வரை போடலாம், தனி ஆளுக்கு 4,400, 55 வயதுக்கு மேல் என்றால் கூடுதலாக 1,000. கம்பெனி போடுவதும் இதற்குள்ளேயே அடங்கும்.

ஒரு தவறான எண்ணம்: ஹை டிடக்டபிள் என்றால் டாக்டர்கள் மாறிவிடுவார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அதே நெட்வொர்க், அதே கார்டு, கார்டில் எழுதியிருக்கும் பெயர் மட்டும்தான் வேறு. டிடக்டபிள் தீரும்வரை இன்சூரன்ஸ் கம்பெனி வேடிக்கை பார்த்தாலும், அவர்கள் ஆஸ்பத்திரியோடு பேசிவைத்த விலையைத்தான் நாமும் கட்டுகிறோம். வருடாந்திரச் செக்கப், தடுப்பூசி போன்ற பிரிவென்டிவ் சேவைகள் இன்-நெட்வொர்க்கில் இரண்டு பிளானிலுமே இலவசம், டிடக்டபிள் பார்ப்பதில்லை.

இப்போது கணக்கு. இரண்டு பிளான்களை நானே கற்பனையாக அமைத்துக்கொள்கிறேன், உங்கள் கம்பெனி எண்களை எடுத்து இதே இடங்களில் போட்டுப் பாருங்கள்.

பி.பி.ஓ: மாதம் 400 டாலர், வருஷத்துக்கு 4,800. குடும்ப டிடக்டபிள் 1,000, பிறகு 10 சதவீதம், உச்சவரம்பு (அவுட் ஆஃப் பாக்கெட் மேக்சிமம்) 5,000.
ஹை டிடக்டபிள்: மாதம் 220, வருஷத்துக்கு 2,640. குடும்ப டிடக்டபிள் 4,000, பிறகு 20 சதவீதம், உச்சவரம்பு 8,000. கம்பெனி எச்.எஸ்.ஏ.வில் 1,000 டாலர் போடுகிறது, ஆகவே நிகரப் பிரீமியம் 1,640.

யாருக்கும் ஒன்றுமே ஆகாத வருஷத்தில் பி.பி.ஓ.வுக்கு 4,800 போகும், மற்றதற்கு 1,640. வித்தியாசம் 3,160 டாலர். எச்.எஸ்.ஏ. பிரியர்கள் காட்டுகிற எண் இது. அடுத்து, வீட்டில் ஒருவருக்குப் பெரிய அறுவை, பேசிவைத்த விலையிலேயே பில் 50,000 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள்: பி.பி.ஓ.வில் 4,800-உம் உச்சவரம்பு 5,000-உம் சேர்ந்து 9,800. ஹை டிடக்டபிளில் 1,640-உம் 8,000-உம் சேர்ந்து 9,640. நம்ப மாட்டீர்கள், மிக மோசமான வருஷத்திலும் ஹை டிடக்டபிள்தான் 160 டாலர் மலிவு! இந்த இரண்டு ஓரங்களை மட்டும் காட்டி "ரெண்டு பக்கமும் ஜெயிக்குது பார்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

நடுவில்தான் சங்கதி. பில் 10,000 டாலர் என்றால் பி.பி.ஓ.வில் மொத்தம் 6,700, ஹை டிடக்டபிளில் 6,840. பில் 20,000 என்றால் 7,700-க்கு எதிராக 8,840. பில் 24,000-ஐத் தொடும்போது இடைவெளி 1,540 டாலராக விரிகிறது, அதற்கப்புறம் சுருங்குகிறது. இந்த இரண்டு பிளான்களையும் கோடு போட்டுப் பார்த்தால் 8,600-க்கும் 39,400-க்கும் இடைப்பட்ட பில்லுக்கெல்லாம் பி.பி.ஓ.தான் மலிவு. அந்த இடைவெளியில் வந்து விழுவது எது என்று யோசித்தால் முதலில் வருவது பிரசவம். கே.எஃப்.எஃப். ஆய்வு நிறுவனம் 2022-ல் வெளியிட்ட கணக்குப்படி பெரிய கம்பெனிகளின் இன்சூரன்ஸில் கர்ப்பம், பிரசவம், அதற்குப் பிந்தைய கவனிப்பு எல்லாம் சேர்ந்து ஆகும் கூடுதல் செலவு சராசரியாக 18,865 டாலர். நம் உதாரணத்தில் அந்த பில்லுக்கு ஹை டிடக்டபிள்காரர் கிட்டத்தட்ட 1,000 டாலர் அதிகம் கட்டியிருப்பார். ஆக, கேட்க வேண்டிய கேள்வி "எனக்கு நோய் வருமா வராதா" என்பதல்ல. வரப்போகும் வருஷத்தில் என் வீட்டு பில் அந்த நடு இடைவெளிக்குள் விழ வாய்ப்பிருக்கிறதா என்பதுதான். பிரசவம், முன்கூட்டியே திட்டமிட்ட முழங்கால் ஆபரேஷன், மாதம் ஆயிரக்கணக்கில் போகிற ஊசி மருந்து இவையெல்லாம் நவம்பரிலேயே ஓரளவு தெரிந்த விஷயங்கள். மற்றதெல்லாம் ஆண்டவன் கையில்.

எல்லாக் கம்பெனியிலும் இந்த நடு இடைவெளி இருக்கும் என்றும் இல்லை. சில இடங்களில் பிரீமிய வித்தியாசம் அவ்வளவு பெரிதாக இருக்கும், எந்த பில்லைப் போட்டாலும் ஹை டிடக்டபிள்தான் மலிவாக வரும், இருந்தும் ஆட்கள் டிடக்டபிள் குறைவு என்ற ஒரே காரணத்துக்காக மற்றதை எடுத்துவைத்திருப்பார்கள். அமெரிக்காவின் ஒரு பெரிய கம்பெனி ஊழியர்களை வைத்து 2017-ல் வெளியான ஆய்வு ஒன்றில் பாதிக்கு மேற்பட்டோர் எந்த நிலையிலும் தங்களுக்கு நஷ்டமான பிளானையே தேர்ந்தெடுத்திருந்தார்கள். டிடக்டபிள் என்ற சொல்லுக்கு அவ்வளவு பயம். அந்தப் பயத்தை விலைக்கு வாங்கிக்கொண்டிருக்கிறோமா என்று பார்க்க ஒரு எக்செல் ஷீட்டும் அரை மணி நேரமும் போதும்.

சரி, வரி. மேலே போட்ட கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. பிரீமியம் சம்பளத்திலிருந்து ஃபெடரல் வரிக்கு முன்பே பிடிக்கப்படுகிறது. ஆனால் டிடக்டபிளுக்காக நீங்கள் கிரெடிட் கார்டில் தேய்க்கிற 4,000 டாலர் வரி கட்டிய பிறகு மிஞ்சிய பணம். 22 சதவீத வரி அடுக்கில் இருக்கிற ஒருவருக்கு, அதோடு சோஷியல் செக்யூரிட்டியும் மெடிகேரும் சேர்த்து 7.65 சதவீதம் என்றால், அந்த 4,000-ஐக் கையில் கொண்டுவர ஏறத்தாழ 5,700 டாலர் சம்பாதித்தாக வேண்டும். அதாவது ஹை டிடக்டபிள் பிளானை எடுத்துவிட்டு எச்.எஸ்.ஏ.வில் பணம் போடாமல் இருந்தால் மேலே சொன்ன எண்கள் எல்லாம் பொய். நடு இடைவெளி இன்னும் அகலமாகிவிடும், மோசமான வருஷத்திலும் பி.பி.ஓ. ஜெயித்துவிடும். எச்.எஸ்.ஏ. வழியாகக் கட்டினால்தான் ஆப்பிளும் ஆப்பிளுமாக ஒப்பிட முடிகிறது. "பிரீமியம் மிச்சம்" என்று சொல்லிக்கொண்டு அந்த மிச்சத்தை எச்.எஸ்.ஏ.வுக்கு அனுப்பாமல் இருப்பவர் உண்மையில் ஹை டிடக்டபிள் பிளான் எடுக்கவில்லை, பாதி இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறார்.

நானே அந்தப் பாதி ஆள்தான் ஒரு காலத்தில். முதல் தடவை ஹை டிடக்டபிளுக்கு மாறிய வருஷம், மாதம் மிச்சமான தொகை எங்கே போயிற்று என்று கேட்டால் கார் லோனுக்குப் போயிற்று. பிப்ரவரியில் பையன் விளையாட்டு மைதானத்தில் கம்பியிலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிந்தது. எமர்ஜென்சி ரூமுக்கு ஓடினோம். மூன்று வாரத்தில் மூன்று கவர் வந்தது: ஆஸ்பத்திரிக்கு ஒன்று, அங்கே பார்த்த டாக்டருக்கு ஒன்று, எக்ஸ்ரே படித்தவருக்கு ஒன்று. பிறகு எலும்பு டாக்டர், கட்டு மாற்ற, மறுபடி எக்ஸ்ரே. கூட்டிப் பார்த்தால் 3,400 டாலர். அத்தனையும் கிரெடிட் கார்டில். எரிச்சல் எதில் என்றால், பில் வந்த பிறகுகூட எச்.எஸ்.ஏ.வில் பணம் போட்டு அதிலிருந்து எடுத்துக் கட்டியிருக்கலாம் என்பது எனக்கு அடுத்த வருஷம் மே மாதம்தான் தெரிந்தது. கணக்கு ஜனவரியிலேயே திறந்திருந்தது, அதற்குப் பிந்தைய செலவு எதுவாக இருந்தாலும் தகுதியானது. சம்பளத்தில் பிடிக்கிற தொகையை வருஷத்தின் நடுவில் எப்போது வேண்டுமானாலும் ஏற்றலாம் இறக்கலாம், அடுத்த ஏப்ரல் 15 வரை நேராகவும் போடலாம். அந்த ஏப்ரலையும் தாண்டிவிட்டேன். ஏறக்குறைய 1,000 டாலர் வரியைத் தானம் கொடுத்த மாதிரி ஆயிற்று.

பி.பி.ஓ.காரருக்கு எஃப்.எஸ்.ஏ. என்று கம்பெனி மூலமாக ஒரு வரியில்லாச் செலவுக் கணக்கு இருக்கிறதே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2026-ல் 3,400 டாலர் வரை வரியில்லாமல் போடலாம், நம் உதாரணத்தில் 24,000 டாலர் பில்லுக்கே பி.பி.ஓ.காரர் கையிலிருந்து 3,300-தான் கட்டுவார், அதற்குள் அடங்கிவிடும். ஆனால் எஃப்.எஸ்.ஏ. என்பது நவம்பரில் ஜோசியம் சொல்லச் சொல்கிற கணக்கு. எவ்வளவு செலவாகும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும், மிஞ்சினால் கம்பெனி அனுமதித்தால் 680 டாலர் வரை அடுத்த வருஷத்துக்கு எடுத்துப் போகலாம், மீதி போயே போச்சு. டிசம்பர் கடைசியில் ஃபார்மசியில் தெர்மாமீட்டரும் பேண்டேஜும் கூடை கூடையாக வாங்குகிற ஆட்களைப் பார்த்திருப்பீர்கள். எச்.எஸ்.ஏ. பணம் அப்படிக் காலாவதி ஆவதில்லை. வேலை மாறினாலும் உங்களுடையது, வேலை போனாலும் உங்களுடையது. எச்-1பி வேலை விசாவில் இருக்கிறவர்களுக்கு இது சாதாரண விஷயம் இல்லை. லே-ஆஃப் வந்து கோப்ரா (பழைய கம்பெனி இன்சூரன்ஸையே சொந்தக் காசில் தொடர்வது) எடுக்க நேர்ந்தால் அந்தப் பிரீமியத்தையும் எச்.எஸ்.ஏ.விலிருந்து கட்டலாம்.

ஊருக்குத் திரும்பிப் போனாலும் கணக்கு இங்கே இருக்கும். புதிதாகப் போட முடியாது, ஆனால் இருப்பதைச் செலவழிக்கலாம். இன்னொன்று பலருக்குத் தெரியாது: லீவில் சென்னைக்குப் போயிருக்கும்போது நீங்களோ மனைவியோ பிள்ளையோ ரூட் கெனால் பண்ணிக்கொண்டால் அந்தச் செலவையும் எச்.எஸ்.ஏ.விலிருந்து எடுத்துக்கொள்ளலாம், வெளிநாட்டுச் சிகிச்சையும் தகுதியானதே. ரசீதில் தேதி, பெயர், சிகிச்சை மூன்றும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மருந்துகளை இங்கே வரவழைத்து அதை எழுதுவது மட்டும் கூடாது. விசிட்டர் விசாவில் வருகிற அம்மா அப்பாவின் செலவுக்கு இதைத் தொட முடியாது, அவர்கள் பொதுவாக வரிக் கணக்கில் நம் டிபென்டன்ட் ஆவதில்லை. அவர்களுக்குத் தனியாக விசிட்டர் இன்சூரன்ஸ்தான். தகுதியில்லாத செலவுக்கு எடுத்தால் 65 வயதுக்கு முன் வரியும் அதன் மேல் 20 சதவீத அபராதமும் உண்டு.

வரி மிச்சத்தைப் பற்றிப் பெருமை பேசும்போது இரண்டு திருத்தம். நியூ ஜெர்சியும் கலிஃபோர்னியாவும் மாநில வரியில் எச்.எஸ்.ஏ.வை மதிப்பதில்லை, இங்கே ஃபெடரல் சலுகை மட்டும்தான். சம்பளம் சோஷியல் செக்யூரிட்டி உச்சவரம்பைத் தாண்டியவர்களுக்கு (2026-ல் 184,500 டாலர்) அந்த 7.65 சதவீதம் 1.45 ஆகச் சுருங்கிவிடும்.

சிக்கிக்கொள்கிற இடங்கள் சில உண்டு. அதிகம் பேர் விழுகிற குழி, கணவனும் மனைவியும் வேறு வேறு கம்பெனியில் வேலை செய்யும் வீடு. நீங்கள் இங்கே ஹை டிடக்டபிளும் எச்.எஸ்.ஏ.வும், அவர் அங்கே சாதாரண எஃப்.எஸ்.ஏ. எடுத்துவிட்டார் என்றால் அவருடைய எஃப்.எஸ்.ஏ. உங்கள் செலவையும் கட்டக்கூடியது என்பதால் உங்களுக்கு எச்.எஸ்.ஏ.வில் போடும் தகுதியே போய்விடும். நண்பர் ஒருவர் வருஷம் முழுக்கப் போட்டுவிட்டு வரி தாக்கல் செய்யும்போது கண்டுபிடித்து, போட்டதையெல்லாம் திரும்ப எடுத்து, ஃபாரம் திருத்தி, ஒரு மாதம் தூக்கமில்லாமல் இருந்தார். பல், கண் செலவுக்கு மட்டுமான லிமிட்டட் எஃப்.எஸ்.ஏ. என்றால் பிரச்சினை இல்லை.

அடுத்தது குடும்ப டிடக்டபிள் எப்படி வேலை செய்கிறது என்பது. பி.பி.ஓ.வில் பெரும்பாலும் ஆளுக்கொரு சின்ன டிடக்டபிள் உள்ளே இருக்கும், அதைத் தாண்டினால் அந்த ஆளுக்கு இன்சூரன்ஸ் தொடங்கிவிடும். ஹை டிடக்டபிள் பிளான்கள் பலவற்றில் குடும்பம் முழுவதற்கும் ஒரே குடம்: பையன் ஒருவன் மட்டும் படுத்தால்கூட 4,000-ஐயும் அவனை வைத்தே நிரப்பியாக வேண்டும். பிளான் ஆவணத்தில் "எம்பெடட்" என்ற சொல் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள், இல்லையென்றால் எச்.ஆர்.-இடம் கேளுங்கள். வருஷ நடுவில் வேலை மாறினால் புதிய பிளானில் மீட்டர் மறுபடி பூஜ்யம். குழந்தை பிறந்தால் 30 நாளுக்குள் பிளானில் சேர்க்க வேண்டும், தூக்கமில்லாத அந்த மாதத்தில் மறந்துபோகிற ஒரே முக்கியமான வேலை அது.

சர்க்கரை, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் இருக்கிறவர்கள் ஹை டிடக்டபிள் பக்கமே போகக் கூடாது என்று ஒரு பேச்சு உண்டு. பாதிதான் உண்மை. 2019-ல் ஐ.ஆர்.எஸ். ஒரு பட்டியல் போட்டு, இன்சுலின், சர்க்கரை குறைக்கும் மருந்துகள், கொலஸ்ட்ராலுக்கான ஸ்டாட்டின், சர்க்கரைக்கான எச்.பி.ஏ1சி பரிசோதனை போன்றவற்றை டிடக்டபிளுக்கு முன்பே பிளான் கட்டலாம் என்று அனுமதித்தது. கட்டலாம் என்றுதான் சொன்னது, கட்டியே ஆகவேண்டும் என்று அல்ல. ஆகவே உங்கள் பிளானின் பிரிவென்டிவ் டிரக் லிஸ்டை எடுத்து உங்கள் மாத்திரை பெயர் அதில் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வழி. இருந்தால் பயம் பாதியாகக் குறையும்.

எடுத்தாயிற்று, இனி செலவை எப்படிக் கட்டுக்குள் வைப்பது? டிடக்டபிள் அதிகமானால் ஜனங்கள் விலை விசாரித்து மலிவான இடத்துக்குப் போவார்கள் என்பதுதான் இந்தப் பிளான்களுக்குப் பின்னால் இருக்கிற சித்தாந்தம். நடைமுறையில் அப்படி நடக்கவில்லை. ஒரு பெரிய கம்பெனி தன் ஊழியர்களை மொத்தமாக ஹை டிடக்டபிளுக்கு மாற்றியபோது செலவு ஏறத்தாழ 12 முதல் 14 சதவீதம் குறைந்தது, ஆனால் யாரும் விலை பார்த்து இடம் மாறியதற்கு அடையாளம் இல்லை, டாக்டரிடம் போவதையே குறைத்துக்கொண்டார்கள். 1970-களில் ரேண்ட் நிறுவனம் நடத்திய பெரிய பரிசோதனையும் இதையே காட்டியது: கைக்காசு போகும்போது தேவையில்லாததை மட்டும் அல்ல, தேவையானதையும் சேர்த்தே மக்கள் விட்டுவிடுகிறார்கள். என் கதையும் அதேதான். தோள்பட்டை வலிக்குப் பிசியோதெரபி எழுதிக்கொடுத்தார்கள், "டிடக்டபிள் இன்னும் தீரலையே" என்று ஐந்து மாதம் தள்ளினேன், கடைசியில் இரட்டிப்பு அமர்வுகள். எச்.எஸ்.ஏ.வில் பணம் இருந்தால் இந்தத் தள்ளிப்போடல் குறைகிறது. அது ஏற்கெனவே ஆஸ்பத்திரிக்கு என்று ஒதுக்கிய பணம், மளிகைக்கணக்கோடு போட்டிபோடாது.

விலை விசாரிக்கத் தகுந்த விஷயங்கள் மூன்று நான்குதான். எம்.ஆர்.ஐ., சி.டி. ஸ்கேன் என்றால் ஆஸ்பத்திரிக்குள் எடுக்காமல் தனி இமேஜிங் சென்டரில் எடுங்கள், அதே நெட்வொர்க்குக்குள்ளேயே விலை மலைக்கும் மடுவுக்குமாக இருக்கும், இன்சூரன்ஸ் கம்பெனியின் ஆப்பில் போட்டால் காட்டும். ரத்தப் பரிசோதனைக்கு இன்-நெட்வொர்க் லேப். உயிருக்கு ஆபத்தில்லாத காய்ச்சல், தையல், சுளுக்குக்கு எமர்ஜென்சி ரூமை விட்டு அர்ஜன்ட் கேர். மருந்துக்கு மட்டும் காஷ் விலையையும் கேளுங்கள், தள்ளுபடிக் கூப்பனில் இன்சூரன்ஸ் விலையைவிடக் குறைவாக வருவதுண்டு, ஆனால் அப்படிக் கட்டுவது பொதுவாக டிடக்டபிள் மீட்டரில் ஏறாது. வருஷம் முழுக்கச் செலவு இருக்கும் என்று தெரிந்தால் மீட்டரில் ஏற்றுவதே லாபம், ஒன்றிரண்டு மாத்திரையோடு முடியும் என்றால் காஷ்.

பில் வந்தவுடன் கட்டிவிடும் நல்ல பழக்கத்தை இந்த நாட்டில் விட்டுவிடுங்கள். முதலில் இன்சூரன்ஸிலிருந்து ஈ.ஓ.பி. (யார் எவ்வளவு கட்ட வேண்டும் என்கிற கணக்குச் சீட்டு) வரட்டும், அதில் உங்கள் பங்கு என்று போட்டிருக்கும் எண்ணும் பில்லில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள், பெரிய பில் என்றால் வரிவரியாகப் பிரித்த ஐட்டமைஸ்டு பில் கேளுங்கள். 2022 ஜனவரியிலிருந்து அமலில் இருக்கிற நோ சர்ப்ரைசஸ் சட்டப்படி, எமர்ஜென்சியிலோ இன்-நெட்வொர்க் ஆஸ்பத்திரிக்குள்ளோ உங்களுக்குத் தெரியாமல் வந்து பார்த்த வெளி நெட்வொர்க் மயக்க டாக்டர் தனியாகக் கூடுதல் தொகை கேட்க முடியாது. சாலையில் ஓடும் ஆம்புலன்ஸுக்கு மட்டும் அந்தச் சட்டம் பொருந்தாது, அது வேடிக்கைதான். ஆஸ்பத்திரி லாப நோக்கற்றது என்றால் வருமானம் குறைந்தவர்களுக்கான நிதி உதவிக் கொள்கை சட்டப்படி இருந்தாக வேண்டும், கேட்டால்தான் சொல்வார்கள். வட்டியில்லாத் தவணையும் பெரும்பாலும் கேட்டால் கிடைக்கும். அந்தத் தவணையை மாதாமாதம் எச்.எஸ்.ஏ.வில் போடப்போட அதிலிருந்தே கட்டிக்கொண்டு போகலாம்.

வருடாந்திரச் செக்கப்பில் ஒரு சின்ன ஜாக்கிரதை. இலவசம் என்று போய் உட்கார்ந்து, "அப்புறம் டாக்டர், இந்த முழங்கால் கொஞ்ச நாளா வலிக்குது" என்று பேச்சை ஆரம்பித்தால் அது தனி விசிட்டாகப் பதிவாகி பில் வரலாம். வலியை மறைக்கச் சொல்லவில்லை. பில் வந்தால் அதிர்ச்சி அடையாதீர்கள் என்கிறேன்.

எச்.எஸ்.ஏ. ரசிகர்களில் ஒரு தீவிரப் பிரிவு உண்டு: பணத்தை எடுக்கவே கூடாது, இன்டெக்ஸ் ஃபண்டில் போட்டுவிட்டு எல்லா பில்லையும் கைக்காசில் கட்டி, ரசீதுகளை இருபது வருஷம் பாதுகாத்து, பிறகு வரியில்லாமல் மொத்தமாக எடுக்க வேண்டும் என்பார்கள். சட்டப்படி சரிதான், திருப்பி எடுக்கக் காலக்கெடு கிடையாது. அவசரத்துக்கு ஆறு மாதச் சம்பளம் பாங்கில் இருக்கிறவர்கள் செய்யட்டும். கிரெடிட் கார்டில் பாக்கி வைத்துக்கொண்டு எச்.எஸ்.ஏ.வை வளர்ப்பது, வீட்டுக் கூரை ஒழுகும்போது தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற வேலை. என் கணக்கில் டிடக்டபிள் அளவுக்கு ரொக்கம், அதற்கு மேல் இருப்பது மட்டும் ஃபண்டில்.

கான்ட்ராக்டில் இருந்துகொண்டு மார்க்கெட்பிளேஸ் என்கிற அரசு இன்சூரன்ஸ் சந்தையில் தானே பிளான் வாங்குகிறவர்களுக்கு ஒரு செய்தி: 2025 ஜூலையில் வந்த சட்டத்தால் 2026 ஜனவரியிலிருந்து அங்கே இருக்கிற புரோன்ஸ் (வெண்கல) பிளான்கள் எல்லாமே எச்.எஸ்.ஏ.வுக்குத் தகுதி பெறுகின்றன. முன்பு எது பெறும் எது பெறாது என்று தேடவேண்டியிருந்தது.

என்னைக் கேட்டால், வங்கியில் டிடக்டபிள் அளவுக்காவது பணம் இருந்து, வரும் வருஷத்தில் தெரிந்த பெரிய செலவு எதுவும் இல்லாமல், கம்பெனியும் எச்.எஸ்.ஏ.வில் ஏதாவது போடுகிறது என்றால் யோசிக்காமல் ஹை டிடக்டபிள். ஜனவரியில் ஒரு 3,000 டாலர் பில் வந்தால் வாடகை கட்ட முடியாது என்கிற நிலை என்றால், மொத்தக் கணக்கில் சில நூறு டாலர் நஷ்டமானாலும் பி.பி.ஓ.தான், அந்த நஷ்டம் மாதச் செலவை ஒரே சீராக வைப்பதற்குக் கொடுக்கிற விலை. நேற்றுதான் அமெரிக்கா வந்திறங்கி இன்னும் கிரெடிட் கார்டே கிடைக்காத தம்பிகளுக்கும் முதல் வருஷத்துக்கு அதையே சொல்வேன்.

நாங்கள் ஐந்து வருஷமாக ஹை டிடக்டபிளில் இருந்தோம், இந்த முறை பி.பி.ஓ.வுக்கு மாறுகிறோம். மார்ச்சில் வீட்டுக்கு இன்னொரு ஆள் வருகிறார், மேலே சொன்ன அந்த நடு இடைவெளியில் நேராக வந்து உட்காரப்போகிறவர். பி.பி.ஓ.வில் இருக்கும்போது எச்.எஸ்.ஏ.வில் புதிதாகப் போட முடியாது, ஆனால் ஐந்து வருஷத்தில் சேர்ந்ததை கோ-பே (டாக்டரைப் பார்க்கும்போது கட்டுகிற நம் பங்கு) கட்டவோ ஆஸ்பத்திரி பில் கட்டவோ எடுத்துக்கொள்ளலாம். அதனால் எஃப்.எஸ்.ஏ.வில் நிச்சயம் செலவாகும் என்று தெரிந்த 1,500 டாலர் மட்டும் எழுதியிருக்கிறேன். அதையும் டிசம்பருக்குள் கடைசி டாலர் வரை தீர்த்துவிட வேண்டும். மிச்சம் அடுத்த வருஷத்துக்கு உருண்டு வந்தால், திரும்ப ஹை டிடக்டபிளுக்குப் போகும்போது அந்த மிச்சமே எச்.எஸ்.ஏ. தகுதிக்குக் குறுக்கே நிற்கும். மீந்தால் எனக்கொரு மூக்குக் கண்ணாடி, இப்போதே பிரேம் பார்த்து வைத்தாயிற்று.